நடுவில் விட்ட வைக்கோல்

கிறிஸ்துமஸ் குடிலுக்காகச் சர்ச் வாசலில் நிஜ ஆட்டையும் நிஜக் கழுதையையும் கட்டிப்போட்டிருந்தார்கள். நடுவே ஒரு தீவனத் தொட்டி, அதில் வெறும் வைக்கோல்.

“தொடாதே, அது பாலன் படுக்குற இடம். வருவார்” என்றது கழுதை.

ஆடு லேசுப்பட்டதல்ல, சுவரொட்டியைக்கூட மென்று பார்த்துத்தான் நம்பும். “வருவார்ங்கறதுக்கு என்ன ஆதாரம்?”

“ஒண்ணும் இல்லை. ஆனாலும் தின்னாம காத்திருக்கறதுன்னு முடிவு பண்ணிட்டேன்.”

“கழுதைன்னு சும்மாவா சொன்னாங்க!”

ஆடு சிரித்துக்கொண்டே தின்றது. வலப்பக்கம் காலி, இடப்பக்கம் காலி. நடுவில் ஒரு குழந்தை படுக்குமளவு வைக்கோல் மிஞ்சியதும் சட்டென்று வாயை எடுத்துவிட்டது.

“ஏன் நிறுத்திட்டே?” என்றது கழுதை.

“வயிறு நிறைஞ்சிடுச்சு” என்றது ஆடு, எச்சில் ஒழுக.