கிரேனுக்குக் காட்டும் கை

தானியேல் வார்டுக்குள் நுழைந்ததும் கட்டிலில் சாய்ந்திருந்த பாக்கியநாதன் வலது கையை உயர்த்தினார்.

"இன்னா மச்சான், நாங்கல்லாம் உலைல வெந்துக்கினு கீறோம், நீ ஃபேனுக்கு அடீல ஜாலியா படுத்துக்கினு கீறியா?"

பாக்கியநாதன் சிரித்தார். சத்தம் வரவில்லை. மூச்சுதான் விசில் மாதிரி கீச்சிட்டது.

தானியேல் பிளாஸ்கை ஸ்டூலில் வைத்தார். கஞ்சி. அவர் மனைவி இரண்டு முறை வடிகட்டிக் கொடுத்தனுப்பியது.

கும்மிடிப்பூண்டி உருக்காலையில் பதினாறு வருடங்களாக மேலே கிரேன் ஓட்டுபவர் தானியேல். கீழே நின்று சைகை காட்டுபவர் பாக்கியநாதன். உலை இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாது. அந்தக் கை காட்டாமல் தானியேல் ஒரு கம்பிக்கட்டைக்கூட இறக்கியதில்லை.

அதனால்தான் பாக்கியநாதனின் குரல் போனதை யாரும் கவனிக்கவில்லை. அங்கே எல்லாருக்குமே தொண்டை கட்டித்தான் இருக்கும். சூட்டுக்காகக் கழுத்தில் சுற்றிய ஈரத்துண்டு வீக்கத்தை மறைத்துவிட்டது. தூசிக்கு நல்லதென்று அவர் மனைவி ஏஞ்சலின் தினமும் ஒரு துண்டு வெல்லம் கொடுத்தனுப்பினாள்.

பிப்ரவரியில் புனித பிளாசியுஸ் திருநாள். தொண்டை நோய்க்காக மக்கள் வேண்டிக்கொள்ளும் புனிதர். இரண்டு மெழுகுவர்த்திகளைக் குறுக்காகக் கழுத்தில் வைத்து ஃபாதர் ஆசீர்வதிப்பார். அதற்காகப் பாக்கியநாதன் துண்டை அவிழ்த்தபோதுதான் ஏஞ்சலின் பார்த்தாள்.

தொட்டாள். மரக்கட்டையைத் தொட்டது போலிருந்தது.

புற்று என்று எல்லாரும் பயந்தார்கள். திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் ஊசி குத்தி எடுத்ததில் ஒன்றும் தெரியவில்லை. கழுத்தைத் திறந்து சின்னத் துணுக்கை வெட்டிப் பார்த்தார்கள்.

புற்று இல்லை. தைராய்டு அழன்று, மரமாக இறுகிப்போகும் அபூர்வமான நோய்.

ஏஞ்சலின் அந்த ஞாயிறு கோவிலில் எல்லாருக்கும் கற்கண்டு கொடுத்தாள்.

ஆனால் அந்த மரம் மூச்சுக்குழாயைக் கவ்விக்கொண்டிருந்தது. வெட்டிப் பிரிக்க வழியில்லை. நாலு மாதம் ஸ்டீராய்டு. பிறகு வேறொரு மாத்திரை. பலருக்குக் கேட்கும் மருந்துகள். இவருக்குக் கேட்கவில்லை.

இன்று காலை டாக்டர் ஏஞ்சலினைத் தனியே அழைத்தார். கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைக்கவும் இடமில்லை என்றார். நின்றபடி சொல்லவில்லை, அவளை உட்காரவைத்து, தானும் எதிரே உட்கார்ந்து சொன்னார். அதற்காக அவள் அவருக்கும் சேர்த்து ஜெபித்தாள்.

கணவரிடம் இன்னும் சொல்லவில்லை.

இப்போது பாக்கியநாதன் தானியேலையே பார்த்தபடி உள்ளங்கையைக் கவிழ்த்தார். கொஞ்சம் கொஞ்சமாகக் கையைக் கீழே கொண்டுவந்தார். நிறுத்தினார். மறுபடியும் அதையே காட்டினார்.

தானியேல் அந்தக் கையைப் பாதியிலேயே பிடித்துக்கொண்டார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினார்.

"இன்னாண்ணே சொல்றாரு?" என்றாள் கட்டிலருகே நின்ற ஏஞ்சலின்.

"திங்கக்கெழம ஷிப்டுக்கு வந்துர்றேன்றான் தங்கச்சி."

"அப்ப யூனிபார்மத் தொவச்சி வெக்கறேன்."

தானியேல் வேகமாகத் தலையாட்டினார். தன் பொய் பலித்துவிட்டது என்று அவருக்கு நிம்மதி.

ஏஞ்சலின் பிளாஸ்கைத் திறந்து கஞ்சியை ஊற்றினாள்.

மகள் ஜெனிபர் கைக்குழந்தையாக இருந்தபோது, தூங்கிவிட்டவளை ஏஞ்சலின் தொட்டிலில் விடும் ஒவ்வொரு முறையும், கதவருகே நின்று சத்தமில்லாமல் கணவர் காட்டிய சைகை அது.

மெதுவா. எறக்கிடு.