அகிலாண்டத்தின் வாய்

"வெக்கமா இல்ல உனக்கு? வளர்ந்த பொம்பளப் புள்ளைய ஊரறிய ஆத்துல நீந்த விடுறியே!"

படித்துறையின் மேல்படியில் நின்று அகிலாண்டம் கத்தினாள்.

இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்த குந்தவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மகள் பிரகதீஸ்வரியின் வயிற்றுக்கடியில் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, "காலை உதைடி, பயப்படாத" என்றாள்.

காலாண்டு லீவு விட்ட மறுநாளே ஆரம்பித்துவிட்டாள். மூடி இறுக்கிய காலித் தண்ணீர் கேன் ஒன்றை மகளின் முதுகில் கட்டி, காலையில் ஆற்றுக்கு வந்துவிடுவாள். மகளோடு படிக்கும் ஃபெபியும் கூட வருவாள்.

காரணம் இருந்தது. போன மாதம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது சேற்றுக்காலைக் கழுவ இறங்கிய பிரகதி, பாசி வழுக்கி ஆற்றில் விழுந்துவிட்டாள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் துண்டை வீசி இழுத்துப் போட்டார். இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று குந்தவை இன்றுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை.

"ஆத்தங்கரையில குடியிருக்குற புள்ளைக்கு ஆத்தைக் கண்டா பயம்னா, அது என் தப்பு" என்று மட்டும் சொன்னாள்.

ஊர் கேட்கவில்லை. முக்கியமாக இராஜாங்கம் கேட்கவில்லை. ஊரில் நல்லது கெட்டதுக்கு முன்னால் நிற்கிற மனிதர். ஆற்றங்கரைத் தெருவில் முதல் வீடு அவருடையது. சிங்கப்பூரில் இருக்கும் குந்தவையின் புருஷன் குணசேகரனுக்கே ஃபோன் போட்டுவிட்டார்.

அன்று சாயங்காலம் குணசேகரன் கூப்பிட்டான். "ஏன் குந்தவை வம்பு? லீவுக்குப் புள்ளைய தஞ்சாவூர், வேளாங்கண்ணின்னு எங்கயாவது கூட்டிக்கிட்டுப் போயேன்."

"போறேன். நீந்தக் கத்துக்கிட்டதும் போறேன்."

"பெரிய மனுஷர் சொல்றாரு..."

"பசங்க பாலத்துலேருந்து தலைகீழா குதிக்கிறானுங்க. அதை அவரு கைதட்டிப் பாக்குறாரு. எம் பொண்ணு தண்ணியில கால் வெச்சா மட்டும் ஊர் மானம் போயிடுமா? நான் நிறுத்த மாட்டேங்க. அவருகிட்டயும் சொல்லிடுங்க."

சொல்லியிருப்பான் போல. மறுநாளிலிருந்து இராஜாங்கத்தின் மனைவி அகிலாண்டம் படித்துறைக்கு வர ஆரம்பித்தாள்.

குந்தவை இறங்கும்போது வருவாள். ஏறும்வரை திட்டுவாள். அக்கரைக்குக் கேட்கிற குரல். ஆற்றுக்கு வருகிற ஆம்பளைகள் அந்தக் குரலைக் கேட்டதும் அடுத்த துறைக்குத் திரும்பிப் போய்விடுவார்கள்.

"நாளைக்கும் வருவியா?"

"வருவேன் அக்கா. நாளன்னிக்கும் வருவேன்."

"திமிரு புடிச்சவ!"

"ஆமாக்கா."

திங்கட்கிழமை அகிலாண்டத்தைக் காணோம். சென்னைக்குப் போகும் மகளை ரயிலேற்ற நீடாமங்கலத்துக்குப் போயிருக்கிறார்கள் என்று ஃபெபி சொன்னாள்.

"அப்பாடா! இன்னிக்காவது காது வலிக்காது" என்று சிரித்தாள் குந்தவை.

அன்றுதான் பிரகதி முதல்முறையாகக் கேன் இல்லாமல் மிதந்தாள்.

பாலத்தின் மேலிருந்து விசில் சத்தம் கேட்டது. கைப்பிடிச் சுவரில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் கையில் செல்ஃபோன். இவர்களைப் பார்த்து நீட்டியிருந்தான்.

"யாருடா அது? ஃபோனை உள்ள வை!" குந்தவை கத்தினாள்.

"ஆறு என்ன உங்க வீட்டுக் கொல்லையா அக்கா?"

மூவரும் சிரித்தார்கள். பிரகதி கழுத்துவரை தண்ணீரில் அமுங்கிக்கொண்டாள். "வீட்டுக்குப் போயிடலாம்மா" என்று அழுதாள்.

"போகக்கூடாது. இன்னிக்கு ஏறிட்டா அப்புறம் என்னிக்குமே இறங்க முடியாது."

சொல்லிவிட்டாளே தவிர, அவர்களை விரட்டக் குந்தவைக்கு வழி தெரியவில்லை. ஈரத்துணியோடு அவர்கள் எதிரில் மேலே ஏறவும் முடியவில்லை. மகளையும் ஃபெபியையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றாள்.

"டேய்!"

பாலமே அதிர்ந்தது. அகிலாண்டம்தான். வீட்டு வாசலில் புருஷனின் பைக்கை விட்டு இறங்கிய வேகத்தில், பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி வந்தாள்.

"துரைக்கண்ணு மவன்தானே நீ? குடுடா ஃபோனை. எடுத்த படத்தை என் கண்ணு முன்னாடி அழி. இன்னொரு தடவை இந்தப் பாலத்துல உன்னைப் பாத்தேன், உங்க வீட்டு வாசல்லயே வந்து நிப்பேன். எம் வாய் தெரியும்ல?"

தெரிந்திருந்தது. படத்தை அழித்துவிட்டு மூவரும் போன இடம் தெரியவில்லை.

அகிலாண்டம் மூச்சு வாங்கப் படியில் வந்து உட்கார்ந்தாள். குந்தவை அவளையே பார்த்தாள்.

"அக்கா... நீங்கதானே தினம் என்னைத் திட்டுவீங்க?"

"திட்டாம? உன்னைத் தடுக்கச் சொல்லித்தான் அவரு என்னை அனுப்புறாரு. நான் வரலேன்னா அவரே வந்து நிப்பாரு."

அவள் புடவையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பாலத்தைக் காட்டினாள்.

"நான் இங்க நின்னு கத்துற வரைக்கும் இவனுங்களும் வரமாட்டானுங்க."

குந்தவை மகளின் வயிற்றுக்கடியில் மறுபடி கையைக் கொடுத்தாள்.

தெருப்பக்கமிருந்து இராஜாங்கத்தின் குரல் கேட்டது. "என்ன அகிலாண்டம், இன்னுமா அவ கரையேறல?"

அகிலாண்டம் சட்டென்று எழுந்து நின்று, ஊருக்கே கேட்கும்படி கத்தினாள்.

"சொல்லிக்கிட்டுத்தாங்க இருக்கேன்! வெக்கங்கெட்டவ, கேக்க மாட்டேங்குறா!"

அப்படியே குனிந்து, தண்ணீருக்குள் இருந்த பிரகதியிடம் மெல்லச் சொன்னாள்.

"முட்டியை மடக்காம உதைடி, தங்கம்."