கன்னத்துச் செல்

வெளியூர் வேலை முடிந்து வீடு திரும்பியதிலிருந்து அவள் கணவன் தட்டில் கைவைப்பதே இல்லை. "பசிக்கலை" என்று தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு எழுந்துவிடுவான். ஆனாலும் ஆள் இளைக்கவில்லை. முகத்தில் ஒரு பளபளப்புகூட வந்திருந்தது.

"வேற யாரோ ஆக்கிப் போடுறாங்கக்கா. கண்ணை நல்லாத் திறந்து வை," என்றாள் தங்கை.

அக்கா பள்ளியில் உயிரியல் ஆசிரியை. ஞாயிறு காலை, மறுநாள் வகுப்புக்காக நுண்ணோக்கியைத் துடைத்து வைத்தாள்.

"என்னங்க, கொஞ்சம் வாயைத் திறங்க. பிள்ளைங்களுக்குக் கன்னத்துச் செல் காட்டணும்."

சாப்பாட்டு வாசனை வருகிறதா என்று பார்ப்பதுதான் உள்நோக்கம். எந்த வாசனையும் இல்லை. உள்கன்னத்தைக் குச்சியால் வழித்துக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்த்தாள்.

செடியின் செல்லுக்குத்தான் சுவர், மனிதச் செல்லுக்கு மெல்லிய சவ்வுதான் என்று வருடாவருடம் நடத்துகிறவள் அவள். இங்கே செங்கல் அடுக்கியதுபோல் சுவர்கள். உள்ளே பச்சை மணிகள். தகடு மாறிவிட்டதோ என்று தன் கன்னத்தை வழித்துப் பார்த்தாள், சுவர் இல்லை. மறுபடி அவனுடையதைப் பார்த்தாள், சுவர் இருந்தது.

"என்ன தெரியுது?" என்றான்.

"எல்லாருக்கும் இருக்கிறதுதான்."

இதற்கு இன்னொருத்தியே இருந்திருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

அவன் சட்டையைக் கழற்றிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தான். வெயில் தரையில் நகர நகர, நாற்காலியையும் நகர்த்திக்கொண்டே இருந்தான்.