எட்டாவது இருமல்

வாளிக்குள்ளிருந்து இருமல் வந்தது.

அவள் சேலைத் தொட்டிலை விலக்கிப் பார்த்தாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

வாளியை மூடியிருந்த சுளகை மெல்ல நகர்த்தினாள். உள்ளே முள்ளெலி, ஒரு விளாங்காய் அளவுக்குச் சுருண்டு கிடந்தது. முகம் தெரியவில்லை.

மத்தியானம் மதினி அதை வேலியோரத்தில் சாக்கைப் போட்டுப் பிடித்திருந்தாள். கக்குவான் இருமலுக்கு அதுதான் மருந்து என்று ஊரே சொன்னது. முள்ளெலியைச் சுட வேண்டும். கருகிய முள்ளைப் பொடித்துத் தேனில் குழைத்து நாக்கில் தடவ வேண்டும்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்து பாதி பாட்டில் தீர்ந்துவிட்டது.

பதினோரு நாளாக இருமல். எட்டு முறை இருமும். பிறகு மூச்சை உள்ளே இழுக்கும் ஒரு நீளமான சத்தம். அது வருவதற்குள் குழந்தையின் முகம் நீலம் பாரித்துவிடும்.

அவள் எண்ணிப் பழகியிருந்தாள்.

தேன் வாங்கப் போகும்போது மதினி வாசலில் நின்று திரும்பினாள்.

"நான் வாரதுக்குள்ள அதச் சுட்டு வையிட்டி. ஒரு எலியப் பாத்து இந்த நடுக்கம் நடுங்குத. என் தம்பி என்னத்தக் கண்டு ஒன்னயக் கெட்டுனானோ."

அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

வாளிக்குள் மறுபடியும் இருமல். அவளையறியாமல் எண்ணினாள். ஆறு. ஏழு. எட்டு.

பிறகு அந்த நீளமான இழுப்பு.

சிரட்டையில் தண்ணீர் ஊற்றி உள்ளே வைத்தாள். வெகுநேரம் ஒன்றும் அசையவில்லை. பிறகு பந்தின் ஓரம் பிளந்து ஒரு கருத்த மூக்கு வெளியே வந்தது. நக்கி நக்கிக் குடித்தது.

தொட்டிலில் சப்புக்கொட்டும் சத்தம்.

குழந்தை விழிக்கவில்லை. அதன் உதடுகள் நனைந்திருந்தன.

அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள்.

உடைமுள் வேலியடியில் வாளியைச் சாய்த்தாள். சிரட்டையையும் அங்கேயே வைத்தாள். முள்ளெலி சிவந்த மணலில் சற்று நேரம் கிடந்து, பிரிந்து, முள்ளுக்குள் போனது. அது போன வழியில் தடங்கள் இருந்தன. ஐந்தைந்து விரல்கள், ஒரு கைக்குழந்தை தவழ்ந்து போனதுபோல.

அவள் காலால் அவற்றை அழித்தாள்.

உள்ளே வந்து விளக்குமாற்றிலிருந்து ஒரு பிடி ஈர்க்கை உருவி அடுப்பில் போட்டாள். கருகியது எல்லாம் கருப்புதான்.

மதினி வந்தாள். கறியை நாய்க்குப் போட்டுவிட்டதாக அவள் சொன்னாள். மதினி சாம்பலை விரலால் குழைத்துக் குழந்தையின் நாக்கில் தடவினாள். குழந்தை முகம் சுளித்தது. விழுங்கியது. மீண்டும் தூங்கியது.

பொழுது இறங்கியது. இருமல் வரவில்லை.

"பாத்தியா," என்றாள் மதினி. "மருந்து பிடிச்சிட்டு."

அப்போது வேலிப்பக்கம் இருமல் கேட்டது.

அவள் தொட்டிலுக்குள் கையை விட்டுக் குழந்தையின் நெஞ்சில் வைத்தாள்.

ஐந்து. ஆறு. ஏழு. எட்டு.

வெளியே நிசப்தம். உள்ளங்கைக்கு அடியிலும் அசைவில்லை.

வெளியே அந்த நீளமான இழுப்பு கேட்டது. நெஞ்சு மெல்ல எழுந்தது.

மதினி காதைத் தீட்டிக்கொண்டு எழுந்தாள்.

"ஏட்டி, வேலியில இன்னொண்ணு கெடக்கு. அதயும் சுட்டுக் குடுத்துட்டா இருமல் அடியோட போயிரும். அந்த வாளிய எடு."

அவள் கையை எடுக்கவில்லை. காலால் வாளியைத் தொட்டிலுக்குப் பின்னால் தள்ளினாள்.

வெளியே, ஒன்று.