விட்டுவிட்ட கேள்வி

காலை வெயில் சாப்பாட்டு மேசையின் பாதிவரை வந்திருக்கிறது. அக்கா மாதிரித் தேர்வு எழுதுகிறாள். தங்கை கைபேசியில் நேரம் பார்க்கிறாள். கல்லூரியில் அக்கா வாங்கியது ஐம்பத்திரண்டு சதவீதம். எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வில் மதிப்பெண்ணை அள்ளினால்தான் யாராவது அதை மன்னிப்பார்கள். தப்பான விடைக்கு மதிப்பெண் குறையும் என்று தெரிந்தும், எந்தக் கேள்வியையும் விட்டுவிட அவளுக்கு மனசு வராது. போன நான்கு மாதிரித் தேர்விலும் குருட்டாம்போக்கில் குறித்தே கோட்டைவிட்டாள். “இருபத்தெட்டாவது கேள்வியிலயே உக்காந்துட்ட. அது என்ன, உன் மாமியார் வீடா?” “ரெண்டே நிமிஷம்டி, வந்துரும்.” “போன வாரமும் இதையேதான் சொன்ன.” மின்விசிறிக் காற்றில் தாளின் ஓரம் படபடக்கிறது. நான்கு விடை வட்டங்களும் காலியாக இருக்கின்றன. மூன்றாவதன்மேல் இறங்கிய பென்சில் முனை, தொடாமல் நிற்கிறது. பிறகு மெல்ல விலகி அடுத்த கேள்விக்குப் போகிறது. கிண்டல் செய்ய வந்த தங்கை, படபடக்கும் தாளின் ஓரத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்கிறாள்.