ஸப்ரி நானாவின் துறைமுகம்

பலாங்கொடைச் சந்தையில் மீன் விற்கும் ஸப்ரிக்கு, மீன் வாங்க வந்த இராஜத்தின் கண் அடிக்கடி எதிர்க் கோழிக்கடைப் பக்கம் போவது பிடிக்கவில்லை.

"மீனைக் காட்டுங்க நானா. தோட்டத்து பஸ் வந்திரும்."

"காட்டுறன் தங்கச்சி. இது இறங்கின துறைமுகம் லேசுப்பட்டதா? ஒல்லாந்தன் கட்டின கல்மேடை. எங்கட வாப்பா அங்கதான் மீன் ஏலம் கூறினவரு."

"நேத்து வெள்ளைக்காரன் கட்டினான்னீங்க."

"ஒல்லாந்தன் கட்டினான், வெள்ளைக்காரன் பெரிசாக்கினான். ஒருநாள் பெரிய கப்பலொண்டு நேரா மேடையப் பாத்து வருது. மீன்காரங்க எல்லாரும் ஓடிட்டாங்க. வாப்பா மட்டும் அசையல்ல."

எதிர்க்கடையில் கத்தி தீட்டும் சத்தம் கேட்டது. ஸப்ரி கதையில் புயலையும் சேர்த்தார். இராஜம் பொறுக்காமல் பெட்டி மூடியைத் தானே தூக்கினாள். உள்ளே ஐஸ் மட்டும்தான் இருந்தது.

"லொறி இன்னும் வரல்ல தங்கச்சி," என்றார் ஸப்ரி, மெதுவாக.

அதே நேரம் சந்தை முனையில் லொறி ஹோர்ன் அடித்தது. ஸப்ரிக்கு உயிர் வந்தது. தராசைத் துடைத்தபடி, "எந்த மீன் வேணும், பலயாவா, சாளையா?" என்றார்.

"மீன் இருக்கட்டும் நானா." அவளுடைய பஸ் புறப்பட்டுப் போனது; அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கப்பல் வந்தப்ப வாப்பா ஏன் ஓடல? அதைச் சொல்லிட்டு நிறுங்க."

ஸப்ரி தராசைக் கீழே வைத்தார். கதையை அவ்வளவு தூரத்துக்கு அவர் இன்னும் யோசித்திருக்கவில்லை.