ஆகஸ்ட் மாதத்து வண்டி

இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே அவன் பழைய கார்க் கதவின் உள்பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

நேற்றுவரை, இருக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டிருந்தான்.

மூன்று புள்ளிகள். அடுப்புக் கற்கள் மாதிரி முக்கோணமாக.

அப்பா வேலை பார்த்த கார்த் தொழிற்சாலையில் கதவு மாட்டுகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாளம் உண்டு. உள்பலகையை மூடுவதற்கு முன்னால் தகரத்தில் பஞ்ச் வைத்துத் தட்டிவிடுவார்கள். பின்னால் கதவு கடகடவென்று ஆடினால் யாரைத் திட்டுவது என்று தெரிய வேண்டுமே, அதற்காக. மூன்று புள்ளி என்றால் அப்பா. தொழிற்சங்கத்தில் அவருக்குப் பெயரே கதவு தேசிங்கு.

அந்தப் புள்ளிகளுக்காகத்தான் இந்தப் பழைய வண்டியை வாங்கினான். இது ஓடவே ஓடாது என்று மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். ஓடி என்ன ஆகப்போகிறது. அப்பா கை பட்ட வண்டி ஒன்று வாசலில் நின்றால் போதும்.

தொழிற்சாலை இப்போது இல்லை. அந்த இடத்தில் அடுக்குமாடிகள். வண்டி எப்போது செய்தது என்று விசாரிக்க ஆள் தேடி அலைந்தான். கடைசியில், பழைய வண்டிகளைச் சேர்க்கிற ரங்கபாஷ்யம் என்பவர் கிடைத்தார். இன்று காலை வந்தார். பானெட்டைத் திறந்து உள்ளே பொறித்திருந்த எண்ணைப் பார்த்ததுமே அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"யோகம் சார் உங்களுக்கு. எண்பத்து மூணு ஆகஸ்ட். ஸ்ட்ரைக் நடக்கறப்போ வெளிய வந்த வண்டி. கொஞ்சந்தான் செஞ்சாங்க. நீங்க கேக்கற விலைக்குப் போகும்."

அவன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டான்.

அந்த ஆகஸ்டில் அப்பா வேலை செய்யவில்லை. தொழிற்சாலை கேட்டுக்கு எதிரே ஸ்ட்ரைக் பந்தலில் உட்கார்ந்திருந்தார். கஞ்சித்தொட்டியில் கஞ்சி குடித்தார். அவன் கேட்டு வளர்ந்த கதையே அதுதான். அந்தச் சமயத்தில் உள்ளே போய் வேலை பார்த்தவர்கள் கருங்காலிகள்.

அம்மாவின் அண்ணன் வேதாசலம் மாமா ஒரு கருங்காலி.

மாமா பிடிபட்ட அன்று, பந்தலில் வைத்து முதலில் காறித் துப்பியது அப்பா. அதோடு அந்த வீட்டுப் பேச்சே இல்லை என்றாகிவிட்டது. அவன் கல்யாணத்துக்குத் தாய்மாமன் முறை செய்ய யாரோ ஒரு தூரத்து உறவு வந்து நின்றார்.

அப்பா செத்தபோது சங்கத்தார் கொடி போர்த்தினார்கள். அன்று மாமா வந்தார். தாலி அறுத்த தங்கைக்குப் பிறந்த வீட்டுச் சேலையைக் கையில் வைத்துக்கொண்டு தெருமுனையிலேயே நின்றார். அவன்தான் போனான். கருங்காலி வீட்டுச் சேலை எங்கள் அம்மாவுக்கு வேண்டாம் என்றான்.

மாமா சேலையை அக்குளில் இடுக்கிக்கொண்டு திரும்பிப் போனார்.

அவனுக்கு அன்று பெருமையாக இருந்தது.

மாமா இன்னும் பம்மலில்தான் இருக்கிறார். எண்பது தாண்டிவிட்டது என்று கேள்வி.

புள்ளி இல்லாவிட்டால் எல்லாம் இருக்கிறபடியே இருக்கும்.

கடைசித் திருகும் கழன்றது. பலகையை இழுத்தான். இத்தனை வருஷத்துத் தூசி முகத்தில் கொட்டியது. டார்ச்சை அடித்தான்.

மூன்று புள்ளி.

விரலை வைத்துத் தடவினான். அழுத்தம் திருத்தமாக இருந்தது. திருட்டுத்தனமாக உள்ளே போன மனுஷன், பழக்க தோஷம், பேரைப் பொறித்துவிட்டு வந்திருக்கிறார்.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அழுகை வந்திருந்தால் தேவலை.

"புள்ளி இருக்காடா?"

அம்மா. கிண்ணத்தில் சந்தனம் கரைத்து எடுத்து வந்திருந்தாள். அந்தப் புள்ளியில் பொட்டு வைக்க வேண்டும் என்று வண்டி வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

"இருக்கும்மா. ஆனா இது ஆகஸ்ட்ல செஞ்ச வண்டியாம். ஸ்ட்ரைக்ல."

அம்மா திடுக்கிடவில்லை.

அவள் குனிந்து புள்ளிகளைப் பார்த்தாள். தொடவில்லை.

"பகல்ல பந்தல்ல உக்காருவாரு. ராத்திரி பின்பக்கமா உள்ள போவாங்க, எங்கண்ணனும் அவரும். ஒருநா அண்ணன் மாட்டிக்கிச்சு. கூட யாருடான்னு கேட்டு அடிச்சாங்க. தனியாத்தான் போனேன்னுடுச்சு."

பக்கத்து வீட்டில் யாரோ குக்கரை இறக்கினார்கள். அவன் அதையே கேட்டுக்கொண்டு நின்றான். அப்படிப்பட்ட ஆள் மேல் துப்ப அப்பாவுக்கு எப்படி வாய் வந்தது. துப்பிவிட்டு வீட்டுக்கு வந்து, அந்த ஆளின் தங்கை போட்ட சோற்றை எப்படித் தின்றார்.

"அன்னிக்கு நான் மாமாவைத் திருப்பி அனுப்பினேனே. நீ உள்ளதானம்மா இருந்த. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"எப்படிடா சொல்றது? அவர் மேல கொடி போத்தியிருந்தாங்களே."

அவள் சந்தனக் கிண்ணத்தை வண்டிக்கு மேல் வைத்தாள். கீழே கிடந்த உள்பலகையை எடுத்தாள். முந்தானையால் அதன் தூசியைத் துடைத்தாள். கதவோடு சேர்த்துப் பொருத்தி, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

அவன் முடுக்குவதற்காகக் காத்திருந்தாள்.

அவன் திருப்புளியைத் தேடினான்.

அது கையில்தான் இருந்தது.